இறால் மருந்து

அந்தச் சாமானின் பெயரை நான் ஒருநாளும் சரியாகச் சொன்னதில்லை. பொஸ்பற்றேஸ். வாய்க்குள் எவ்வளவு உருட்டினாலும் கடைசியில் பொஸ்பேற் என்றுதான் வெளியே வரும். வயல் வேலை செய்தவன் வாயில் அப்படித்தான் வரும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் எந்த வயல் வட்டைக்குப் போனாலும் வரம்பில் சாக்குச் சாக்காகக் கிடந்த பசளை உரத்தின் பெயர் அது. சண்டை மறுபடி மூண்டதும் பசளைச் சாக்குகளை வாவிக்கு அந்தப் பக்கம், இயக்கத்தின் பகுதிக்கு, கொண்டுபோக விடாமல் இராணுவம் மறித்தது. பசளையில் குண்டு செய்யலாமாம். அதோடு அந்தப் பெயருக்கும் கூடாத காலம் பிடித்தது.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். விட்டது பாதி, பள்ளிக்கூடத்தில் இராணுவம் வந்து குடியேறியது பாதி. அதன்பிறகு ஓர் இடத்தில் ஒரு போகத்துக்கு மேல் நின்றதில்லை. வயல், செங்கல் சூளை, கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கம், மறுபடி வயல். யாரும் துரத்தவில்லை. கால் நிற்காது, அவ்வளவுதான்.

கடல் வந்த காலை நான் கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு வட்டையில் பசளை எறிந்துகொண்டிருந்தேன். அங்கே ஒன்றும் தெரியவில்லை. துறையடியில் தண்ணீர் கொஞ்சம் ஏறி இறங்கியது என்று யாரோ சொன்னார்கள். அக்காவின் வீடு எழுவான்கரையில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடந்த மணலில் இருந்தது. அக்கா, அத்தான், பிள்ளைகள். அத்தானை மட்டும் கண்டெடுத்தோம். அதுவும் உடுத்திருந்த சாரத்தின் கரையைப் பார்த்துத்தான் அவர் என்று சொன்னோம். மற்றவர்கள் வாவிக்குள் போனார்களா, கடலுக்குள் போனார்களா என்பது இன்றுவரை தெரியாது.

அதன்பிறகு பல மாதம் எங்கள் பக்கத்தில் யாரும் மீன் வாங்கவில்லை. இறாலைச் சொல்லவே வேண்டாம். இறால் எதைத் தின்னும் என்று வாவிக்கரையில் பிறந்த எல்லோருக்கும் தெரியும்.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் இறாலுக்கென்றே ஒருவர் ஆய்வுகூடம் திறந்தார். வெளிநாட்டு உதவிகள் வந்து கொட்டிய காலம் அது. வாவிக்கரையில் ஒரு வாடகை வீடு. முன்னறையில் மேசைகள், பின்னறையில் குளிர்பெட்டிகள், கிணற்றடியில் ஜெனரேற்றர். அவர் முன்பு எங்கோ படிப்பித்தவர். ஊரில் எல்லோரும் மிஸ் என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். தனி ஆள். நாற்பது வயது கடந்தவர். சிரிக்காமல் பகிடி விடுவார். ஜெனரேற்றர் இயக்க, ஐஸ் தூக்க, கண்ணாடிச் சாமான்கள் கழுவ ஓர் ஆள் வேண்டும் என்றார். அகதி முகாமில் வரிசையில் நின்று சோறு வாங்கி அலுத்துப்போயிருந்த எனக்கு அது பிடித்தது.

மிஸ்ஸின் வேலை இறாலுக்கு வரும் வெள்ளைப் புள்ளி நோய் பற்றியது. அந்த நோயால்தான் வாவியைச் சுற்றி வெட்டியிருந்த இறால் பண்ணைகள் ஒருகாலத்தில் வெறும் குழிகளாகின. குஞ்சுகளைக் குளத்தில் விடுமுன்பே நோய் இருக்கிறதா என்று இங்கேயே, எங்கள் ஆட்களே பார்த்துச் சொல்ல ஒரு வழி செய்ய வேண்டும் என்பது அவருடைய எண்ணம். கடல் வந்து போன பிறகு சனம் மறுபடி எதையாவது வளர்த்துத் தின்ன வேண்டுமே என்பார்.

அதற்கு நோய்க் கிருமியின் மரபணுவில் ஒரு துண்டை வெட்டி, வளையம் போன்ற இன்னொன்றுக்குள் ஒட்ட வேண்டும். தொல்லை என்னவென்றால் வளையத்தை வெட்டித் திறந்தவுடன் அதன் இரண்டு முனையும் தாமாகவே ஒட்டிக்கொள்ளும். உள்ளே வைக்க வேண்டியதை வைக்க விடாது. அந்த முனைகளில் இருக்கும் ஒட்டைக் கழற்றிவிடுவதுதான் பொஸ்பற்றேஸின் வேலை. மிஸ் அதை நொதியம் என்றார். நொதித்த கள்ளுத்தான் எனக்குத் தெரியும் என்றேன். "அதுவும் நொதியம் செய்யிற வேலதான் தம்பி. நீங்க குடிச்சது முழுக்க விஞ்ஞானம்," என்றார்.

அந்த நொதியம் முதலில் இறாலில் இருந்தது. ஏதோ குளிர்க் கடல் இறால். ஆனால் இப்போது யாரும் இறாலைப் பிடித்து அதை எடுப்பதில்லையாம். அதைச் செய்கிற குறிப்பை மட்டும் இறாலிலிருந்து வெட்டியெடுத்து ஈஸ்டுக்குள் வைத்துவிட்டால், ஈஸ்ட் தன்பாட்டில் இருந்து இறாலின் சாமானைச் செய்யுமாம். மிஸ் முன்பு எங்கோ குளிர்பெட்டியில் வைத்திருந்தது கடல் வந்த நாட்களில் மின்சாரம் இல்லாமல் கெட்டுப்போய்விட்டது. மறுபடி வெளிநாட்டிலிருந்து வரவழைக்க நெடுநாள் எடுத்தது. கடைசியில் கொழும்புக்கு வந்துவிட்டது என்று தகவல் கிடைத்தது. கடல் வந்து இரண்டாம் ஆண்டு, நோன்பு மாதம்.

அதைக் கொண்டுவர ஓட்டமாவடி காக்காவின் வான் வண்டியில் போனேன்; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் காக்கா என்போம். அவர் பொலன்னறுவைக்கும் கொழும்புக்கும் சாமான் ஏற்றி இறக்குபவர். எங்களுக்கு ஐஸ் கொண்டுவந்து தருபவரும் அவர்தான். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், நல்ல சிங்களம் பேசுவார். புறப்படும்போது மிஸ் எங்கள் இருவரிடமும் சொன்னார்: "வழியில கேட்டா நொதியம் அது இதெண்டு வெளங்கப்படுத்தப் போகாதீங்க. மருந்தெண்டு சொல்லுங்க. மருந்த ஆரும் மறிக்கிறல்ல."

திரும்பி வரும் வழியில் ஐஸ் வைக்கும் ரெஜிபோம் பெட்டி என் மடியில் இருந்தது. உள்ளே ஐஸ் பொதிகள், அவற்றுக்கு நடுவே இரண்டு சின்னக் குப்பிகள். ஒவ்வொன்றும் சுண்டுவிரலில் பாதி. அதற்குள்ளும் அடியில் ஒரு சொட்டுத்தான்.

"இதுக்கா இவ்வளவு தூரம் ஓடின?" என்றார் காக்கா. "என்ன தம்பி இது?"

"இறால்ர சத்து காக்கா. ஆனா இறால்லேருந்து எடுத்ததில்ல."

"மறுகா எதிலேருந்து?"

"ஈஸ்ட்லேருந்து. அப்பமாவுக்குப் போடுறதே, அந்த மாதிரி."

"அப்பத்தோட இறால் தின்னுறது தெரியும். அப்பமே இறாலாகினத்த இண்டைக்குத்தான் கேள்விப்படுற."

"அது கடலையே காணாத இறாலாம்."

காக்கா கியரை மாற்றினார். "குடுத்து வெச்ச இறால்," என்றார் பிறகு.

நான் பசிக்கு ஒரு பணிஸை எடுத்துக் கடித்தேன். "நோன்பாளிக்குப் பக்கத்தில இருந்து பணிஸ் தின்னுற. ஒனக்கு நரகத்தில தனி அறை வெச்சிரிக்கி," என்றார். "நீங்க வந்து பாப்பீங்கதானே காக்கா," என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் ஏன் எழுதுகிறேன் என்றால் அதன்பிறகு அப்படி ஒரு சிரிப்பை அவரிடம் பார்க்கவில்லை.

பொலன்னறுவை தாண்டிய பாதையில் ஒரு சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். பெட்டியைத் திறந்த சிப்பாய் என்ன இது என்று கேட்டான். காக்கா, மிஸ் சொன்னபடியே, சிங்களத்தில் "பெஹெத்" என்றார். மருந்து.

எங்கள் மொழியில் காய்ச்சலுக்குக் கொடுப்பதும் மருந்து, வெடிக்குள் அடைப்பதும் மருந்து. சிங்களத்திலும் அதே கதைதான். பெஹெத் என்றால் இரண்டுக்கும் ஆகும். அமைதியான நாளில் அந்தச் சொல்லுக்கு ஒரு பொருள்தான் இருக்கும். அன்று பாதையில் நின்ற சிப்பாய்க்கு எந்தப் பொருள் முதலில் தட்டியதோ தெரியாது. இன்னொருவனைக் கூப்பிட்டான்.

வந்தவன் கொஞ்சம் தமிழ் பேசினான். "யாருக்கு மருந்து? என்ன வருத்தம்?"

காக்கா என்னைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "இறாலுக்கு, சேர்," என்றார்.

அவன் தன்னை நக்கலடிப்பதாக நினைத்தான். முகம் மாறியது. குப்பி ஒன்றை எடுத்து, ஒட்டியிருந்த பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தான். பொஸ். பேற். அதற்கு மேல் அவனுக்கு வாசிக்கத் தேவைப்படவில்லை. பசளைச் சாக்கு மறிக்கிறவனுக்கு அது போதும்.

"மருந்து எண்டா குடி," என்றான்.

அது அப்போது வழக்கந்தான். தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோனால் ஒரு மிடறு குடித்துக் காட்டச் சொல்வார்கள். கைக்குழந்தையின் பால் போத்தலைத் தாய் குடித்துக் காட்டியதையும் பார்த்திருக்கிறேன். குடித்தால் விட்டுவிடுவார்கள்.

காக்கா, "நோன்பு, சேர்," என்றார். வெயில் இன்னும் இறங்கவில்லை. "மஃரிபுக்குப் பொறகு குடிக்கிறன். இஞ்சயே நிண்டு குடிக்கிறன்."

"இப்ப குடி."

"ஏலா, சேர்."

நான் குடிக்கிறேன் என்று கையை நீட்டினேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. குடிக்க வருகிறவனைச் சோதிக்க வேண்டியதில்லை, மாட்டேன் என்கிறவனிடந்தான் விசயம் இருக்கிறது என்பது அவன் கணக்கு. உண்மையில் பிடிப்பதென்றால் என்னைத்தான் பிடித்திருக்க வேண்டும். தமிழன், நிரந்தர முகவரி இல்லை, போன கிழமை எங்கே இருந்தாய் என்றால் யோசித்துத்தான் சொல்வேன். காக்காவுக்கு வீடு, மனைவி, பள்ளிவாசல், வானுக்குச் சொந்தக்காரர் என்ற கடதாசி எல்லாம் இருந்தன. அவரைத்தான் உள்ளே கூட்டிப்போனார்கள். போகும்போது திரும்பி, "ஊட்டில நோன்பு திறக்கப் பாத்துட்டு இரிப்பாங்க. சொல்லிரு," என்றார்.

கொஞ்ச நேரத்தில் பெட்டியைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டார்கள். வானை வைத்துக்கொண்டார்கள். நான் பஸ் பிடித்து, ஓட்டமாவடியில் இறங்கிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, மறு பஸ்ஸில் வந்தேன். மடியெல்லாம் ஐஸ் தண்ணீர்.

மறுநாள் காலை பெட்டியைக் கவிழ்த்தபோது இரண்டாவது குப்பி பொதிகளுக்கு அடியில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. மிஸ் அதிலிருந்து ஊசிமுனையளவு எடுத்து, நிறமில்லாத ஒரு கரைசலுக்குள் விட்டார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல மெல்ல மஞ்சளாகியது.

"உசிரோட இரிக்கி," என்றார்.

"மிஸ், இதக் கொண்டுபோய் ஆமிக்குக் காட்டினா என்ன? மஞ்சளாகிறது மட்டுந்தான் இதுர வேல எண்டு?"

அவர் உற்சாகமாகக் கரைசல் போத்தலை எடுத்தார். அதன் பெயரை வாசித்தார். பிறகு மெதுவாக இருந்த இடத்திலேயே வைத்தார். "இதுர பேர் நைட்றோ எண்டு தொடங்குது தம்பி. இதையும் கொண்டுபோனா நானும் திரும்பி வரமாட்டன்."

காக்காவின் மனைவி அடுத்தடுத்த நாட்களில் வரத் தொடங்கினார். முஸ்லிம் அக்காமாரை அழைப்பதுபோல நான் அவரை ராத்தா என்பேன். ஒவ்வொரு நாளும் காக்காவை வைத்திருந்த இராணுவ முகாம் வாசலுக்குப் போய், அங்கே நின்றுவிட்டு, எங்களிடம் வருவார். வாசலில் அவரிடம் கேட்பது ஒன்றுதான்: உன் புருசன் கொண்டுவந்த சாமான் என்ன? அதற்குச் சரியான பதில் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நம்பினார்.

"மிஸ், அது உண்மையில என்ன சாமான்? எனக்கும் வெளங்கச் சொல்லுங்க. நான் அவனுகளுக்குச் சொல்லோணும்."

மிஸ் சொன்னார். இறால், குறிப்பு, ஈஸ்ட், வளையம், முனை. கடதாசியில் வரைந்தும் காட்டினார். ராத்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பரீட்சைக்குப் போகிறவர் மாதிரி, திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

"நொதியம். முனையில இரிக்கிற ஒட்டக் கழட்டுறது. இறால்ர, ஆனா இறால்லேருந்து இல்ல." கொஞ்சம் நிறுத்தினார். "மிஸ், கோவிக்காதீங்க. இதச் சொன்னா இன்னும் சந்தேகப்படுவானுகள்."

மிஸ் அன்று பின்னேரம் முழுவதும் குளிர்பெட்டியின் கதவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். அதற்குள் இருந்த ஒரு சொட்டு அவருடைய இரண்டு வருட வேலை. இன்னொன்று வரவழைக்க முடியாத அளவுக்குப் பாதைகள் அடைபட்டுக்கொண்டிருந்தன. காக்காவை மீட்க அதைவிட்டால் கையில் ஒன்றும் இல்லை என்று எங்கள் மூவருக்கும் தெரியும்.

காலையில் குப்பியைக் குளிரும் போகாத சுடுதண்ணிப் போத்தலுக்குள் ஐஸோடு வைத்துக்கொண்டு, "வாங்க, போவம்," என்றார்.

முகாமில் எங்களை ஒரு வேப்பமரத்துக்குக் கீழே இருத்தினார்கள். பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி இளம் ஆள், மரியாதையாகப் பேசினார், மிஸ்ஸுக்கு நாற்காலி கொடுத்தார். மேசைமேல் முதல் குப்பி ஒரு பொலித்தீன் பைக்குள் கிடந்தது. வெயிலில் பல நாள் கிடந்திருக்க வேண்டும், பெயர்த்துண்டு சுருண்டிருந்தது. மிஸ் ஆங்கிலத்தில் விளக்கினார். அவர் விரல்களைப் பார்த்தே எந்த இடத்தில் இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. இரண்டு விரல்கள் வளையமாகும், வெட்டும், பிரிந்து நிற்கும். ராத்தாவின் உதடுகளும் கூடவே அசைந்தன.

அதிகாரி கடைசிவரை கேட்டார். பிறகு எங்கள் எல்லோருக்கும் விளங்கட்டும் என்றோ என்னவோ தமிழில் சொன்னார்: "உங்களுக்குக் குடிக்க ஏலுமா?"

மிஸ் போத்தலைத் திறந்து இரண்டாவது குப்பியை எடுத்தார். மூடியைத் தட்டித் திறந்து வாய்க்குமேல் கவிழ்த்தார். சொட்டு இறங்கவில்லை. அது தேன் மாதிரித் தடிப்பு. நகத்தால் இரண்டு மூன்று தரம் தட்டினார். பிறகும் வராததால் நாக்கு நுனியைக் குப்பியின் வாய்க்குள் வைத்தார். இரண்டு வருட வேலை போய் முடிந்தது. 

அதிகாரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. நடக்காது என்று அவருக்கும் தெரிந்துதான் இருக்க வேண்டும்.

"சரி," என்றார். "ஆனா அந்த ஆள் இங்க இல்லை. முந்தநாளே மேல அனுப்பியாச்சு. என் கையில ஒண்டும் இல்லை."

ராத்தா எழுந்து நின்றார். அவருக்கும் சிங்களம் வரும். ஆனால் தமிழிலேயே கேட்டார்: "அப்ப என்னத்துக்குக் குடிக்கச் சொன்ன?"

அதிகாரி மேசையில் கிடந்த பொலித்தீன் பையை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார். எங்களுக்கு அது போகலாம் என்பதற்கு அடையாளமாகிவிட்டது.

பஸ்ஸுக்கு நிற்கும்போது, "எப்பிடி இருந்த மிஸ்?" என்று கேட்டேன். கேட்க வேறு ஒன்றும் வரவில்லை. "இனிப்பு," என்றார். "கெட்டுப் போகாம இரிக்கக் கிளிசரின் போடுற. சின்னப்புள்ளைகளுக்குக் குடுக்கிற இருமல் பாணி மாதிரி."

பொஸ்பற்றேஸ் இல்லாமலும் மிஸ் சில தடவை செய்து பார்த்தார். தட்டுகளில் புள்ளி புள்ளியாக ஏதோ முளைக்கும். நான் சந்தோசப்படுவேன். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எல்லாம் வெறும் வளையம், உள்ளுக்கு ஒன்றுமில்லை, தாமே ஒட்டிக்கொண்டுவிட்டன என்பார். நான் கொண்டுபோய்க் கழுவுவேன்.

மாரி முடிவதற்குள் படுவான்கரைக்கு மேலாகச் செல் குண்டுகள் போகத் தொடங்கின. சனம் வாவியைக் கடந்து வந்தது. ஆய்வுகூடத்து மேசைகளில் பிள்ளைகள் படுத்தார்கள். குளிர்பெட்டியை நிறுத்தி, ஜெனரேற்றர் எண்ணெயைச் சோறு காய்ச்சக் கொடுத்தோம். மிஸ் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கப் போய்விட்டார். நான் திருகோணமலைக்குப் போனேன், பிறகு வவுனியா, பிறகு நினைவில் வைத்துக்கொள்ளத் தேவையில்லாத இடங்கள். காக்கா எங்கே இருக்கிறார் என்று இடையிடையே விசாரிப்பேன். இருக்கிறார் என்று மட்டும் சொல்வார்கள்.

வடக்கிலும் சண்டை முடிந்த பிறகுதான் அவரை விட்டார்கள். வழக்கு என்று ஒன்று வரவில்லை. பொலன்னறுவையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் பஸ் ஓட்டமாவடியில் தேத்தண்ணிக்கு நின்றபோது நான் இறங்கிக் கேட்டேன். தன் மச்சினனின் கடைக்கு முன்னால் ஒரு மர வாங்கில் இருந்தார். தாடி முழுக்க வெள்ளை. இடது காது கேட்கவில்லை, வலப்பக்கம் வந்து உட்காரச் சொன்னார். கை விரல்கள் ஸ்டியரிங் பிடிக்கிற அளவுக்கு மடங்கவில்லை. கடையோடு ஒட்டினாற்போல் வீடு. உள்ளே ராத்தா தேத்தண்ணி ஊற்றும் சத்தம் கேட்டது.

காக்கா முதலில், பாதை நல்லாப் போட்டிருக்கிறான் என்றார். ஓம் என்றேன். பிறகு கேட்டார்:

"தம்பி, அந்தச் சாமான்ர ருசி என்னெண்டு ஒனக்குத் தெரியுமா?"

"இனிப்பாம் காக்கா. மற்றக் குப்பிய மிஸ் குடிச்ச. உங்கள எடுக்க வந்து, அங்க வெச்சித்தான் குடிச்ச."

"இனிப்பா?"

"இருமல் பாணி மாதிரியாம்."

அவர் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராத்தா இரண்டு கோப்பையோடு வாசலில் வந்து நின்றிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டார் என்று அவர் முகத்தில் தெரிந்தது.

"நீங்களும் அங்க நிண்டதானே?" என்றார் காக்கா, அவரைப் பார்க்காமல். "எனக்கு ஏன் சொல்லல்ல?"

"மிஸ் குடிக்கக்குள்ள மொகம் சுளிக்கல்ல. அப்பவே எனக்குத் தெரியும்," என்றார் ராத்தா. "சொல்லி என்ன?"

"உள்ளுக்கு இரிக்கக்குள்ள அது கசப்பெண்டுதான் நெனைச்சிட்டு இருந்த," என்றார் காக்கா என்னிடம். "நல்ல கசப்பு, குடிச்சாலும் வெளிய துப்பியிரிப்பன், அப்பவும் புடிச்சித்தான் இரிப்பானுகள் எண்டு. ஒவ்வொரு நாளும் அப்பிடித்தான் நெனைச்ச."

ராத்தா ஒரு கோப்பையை அவர் கைக்குள் வைத்து, விரல்களைத் தன் கையால் மடக்கிப் பிடித்துக் கொடுத்தார். மற்றதை என் பக்கத்தில் வாங்கில் வைத்தார்.

"குடி தம்பி, பஸ் போயிரும்," என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

சூடாக இருந்தது. ஊதி ஊதிக் குடித்தேன்.